பிள்ளையார் சுழிக்கு எத்தனை மார்க்?

அத்தியாயம் 17

போன வாரம் விட்டுப்போனவர்களுக்கு, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன். தவறாமல் படிப்பவர்கள் அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

குமாரபாளையத்தில் துண்டு, லுங்கி வியாபாரம் செய்கிற ஜெகதீஸ்வரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது, காமிக்ஸ் மட்டும் உண்டு. அவர் மனைவி நர்மதாவின் அண்ணன் சரவணக்குமார் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவருக்கும் அதே வியாதிதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று ஜெகதீஸ்வரன் நர்மதாவைப் பார்த்த நேரத்தைவிட, மச்சானின் அலமாரியைப் பார்த்த நேரம்தான் அதிகம். நர்மதா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

அப்படிப்பட்ட மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும்தான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு புத்தகம். 'கொண்டல் காமிக்ஸ்' வெளியிட்ட முதல் மலர், 'ஏழாவது நங்கூரம்'. சரவணக்குமார் பள்ளிக்கூட நாளிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதை கிரேடிங் செய்து தருகிறேன் என்று ஆசை காட்டி வாங்கிப்போனவர் நம் ஜெகதீஸ்வரன்.

கிரேடிங் என்றால் ஏதோ பெரிய சமாசாரம் என்று பயப்படாதீர்கள். மும்பையில் ஒரு கம்பெனி. பழைய காமிக்ஸை அனுப்பினால் அட்டை, முதுகு, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, திறக்கவே முடியாதபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். பிரித்தால் மார்க் போச்சு. படிப்பதற்கென்று அச்சடித்த புத்தகத்தைப் படிக்கவே முடியாதபடி செய்து தர ஒரு கம்பெனி, அதற்கு வரிசையில் நிற்க ஒரு கூட்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று போனில் மச்சானும் மாப்பிள்ளையும் முட்டிக்கொண்டார்கள். "என்ற புத்தகம் என்ற கைக்கு வந்தாத்தான் உங்க ஊட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று சரவணக்குமார் வைத்துவிட்டார்.

இன்றைக்கு ஜெகதீஸ்வரன், நர்மதா தம்பதியின் ஒரே மகள் ரஞ்சிதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சேந்தமங்கலத்திலிருந்து நாலு மணிக்கு வருகிறார்கள். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்கார வைக்காமல் இந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் நிச்சயத்துக்கு உட்கார்ந்ததில்லை. ரஞ்சிதாவுக்கு இருப்பதோ ஒரே மாமன்.

சரி, காபியைக் குடியுங்கள். கதைக்குப் போவோம்.

*

"சார், பார்சல்!"

ஸ்டூல் மேல் ஏறி நிலைப்படிக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரன் அப்படியே குதித்தார்.

"ஏனுங்க, பாத்து!" என்று உள்ளேயிருந்து நர்மதா கத்தினாள். "ஒறம்பரை வார நேரத்துல காலை ஒடிச்சுக்காதீங்க!"

அவர் காதில் விழவில்லை. அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் குமிழ் குமிழாய்ப் பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் உரித்து எறிந்தபின் கண்ணாடி மாதிரி பளபளவென்று அது வெளியே வந்தது. உள்ளே அலைகடலுக்கு நடுவில் நங்கூரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஒற்றைக்கண் மாலுமி நின்றான்.

"வந்துட்டான்! நர்மதா, வந்துட்டான்!" ஜெகதீஸ்வரன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இதுக்குப் பேருதான் ஸ்லாப்."

கரண்டியோடு வந்த நர்மதா எட்டிப் பார்த்தாள். "ஸ்லாபா? நம்மூட்டு முன்னால சாக்கடை மேல போட்டிருக்கறமே, அதுங்களா?"

"போடி அக்கட்டால! உனக்கு என்ன தெரியும்? ரஞ்சிதா! சாமி, இங்க வா. இந்த லேபிளைப் படி. கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல."

பாதி தலை பின்னியும் பாதி பின்னாமலும் ரஞ்சிதா வந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். இந்த வீட்டில் கம்பெனிக்காரர்களோடு இங்கிலீஷில் சண்டை போடுகிற பொறுப்பு எப்போதும் அவளுக்குத்தான்.

"அப்பா... பத்துக்கு அஞ்சரைங்கப்பா."

"என்னது?"

"அஞ்சரை."

ஜெகதீஸ்வரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒம்பது மார்க்காச்சும் வரும்னு மச்சான்கிட்டச் சொன்னேனே சாமி. அஞ்சரையா? பாஸ் மார்க்குக்கு மேல கொஞ்சூண்டு போட்டு வுட்டாப்பல இருக்குதே."

"இன்னொண்ணும் இருக்குதுங்கப்பா. இஷ்யூ நம்பர் டூன்னு போட்டிருக்காங்க."

"ரெண்டா? இது முதல் மலரு! ஊரு உலகத்துக்கே தெரியும்!"

ரஞ்சிதா லேபிளின் கடைசி வரியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். பிறகு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அட்டையின் மேற்பகுதியில் பேனாவால் 2 என்று எழுதப்பட்டுள்ளது. அதுக்குத்தான் மார்க்கைக் குறைச்சிருக்காங்க."

மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. மாலுமியின் தொப்பிக்கு மேலே, அட்டையின் நட்ட நடுவில், நீல மையில் இருந்தது.

உ.

பிள்ளையார் சுழி! நம்மில் யார் அதைப் போடாமல் ஒரு சீட்டு எழுதுகிறோம்? மளிகைச் சாமான் எழுதினாலும் சுழி, பரீட்சைத் தாளிலும் சுழி, காதல் கடிதத்தில்கூடப் போட்டவர்கள் உண்டு. புதுப் புத்தகம் வாங்கிய பையன் போட மாட்டானா? அட்டையில் எண் என்று எதுவும் கிடையாது. 'முதல் மலர்' என்று தமிழில்தான் அச்சடித்திருந்தது. மும்பைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே எண் அதுதான்.

"அடப்பாவிகளா!" என்றார் ஜெகதீஸ்வரன். "சாமி, போனைப் போடு!"

*

பாட்டுக் கேட்டு, ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள். அந்தப் பக்கம் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

"அது இரண்டு இல்லை மேடம்," என்றாள் ரஞ்சிதா. "பிள்ளையார் சுழி."

"யார் அந்த மிஸ்டர் பிள்ளையார்? இந்தக் காமிக்ஸின் ஓவியரா?"

"ஓவியர் இல்லை. கணபதி. உங்கள் ஊர் கணபதிதான்."

அந்தப் பக்கம் குரல் குழைந்தது. "கணபதியா! ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனால் அவர் ஏன் இரண்டு என்று எழுதினார்?"

"அவர் எழுதவில்லை. அவருக்காக நாங்கள் எழுதுவோம். கையெழுத்து மாதிரி."

"கையெழுத்து என்றால் அதற்குத் தனி விதி இருக்கிறது. போடுகிறவர் எங்கள் ஊழியர் கண்ணெதிரே போட வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கிறுக்கல் என்றுதான் எடுத்துக்கொள்வோம்."

"என்னவாமா?" என்று ஜெகதீஸ்வரன் கேட்டார். ரஞ்சிதா சொன்னதும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. "பிள்ளையாரைக் கூட்டிட்டு வந்து அவிங்க முன்னால கையெழுத்துப் போட வெக்கோணுமா?"

சமையலறையிலிருந்து நர்மதா குரல் கொடுத்தாள். "அதுக்கென்னங்க, வருசா வருசம் அவரே பத்து நாள் மும்பைல போயி உக்காந்துட்டுத்தானே வாரார்! கடலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால வாங்கிக்கச் சொல்லுங்க!"

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. போனைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுத்தான் மறுபடி பேசினாள். பதில் மாறவில்லை. மார்க் மார்க்தான். எண்ணைத் திருத்த வேண்டுமானால் மறுபடி மும்பைக்கு அனுப்ப வேண்டும், நாலைந்து மாதம் ஆகும். பெட்டியைப் பிரித்துவிட்டால் எந்தப் புகாரும் எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

"இனிய நாளாமா!" என்று ஜெகதீஸ்வரன் பல்லைக் கடித்தார்.

ஆற்றாமை தாங்காமல் காமிக்ஸ் சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் புலம்பினார். குழு துக்கம் விசாரிக்க வருவது மாதிரி திரண்டு வந்தது. ஒருவருக்கு உள்ளே கிரேடர் கைரேகையோடு வந்திருக்கிறதாம். இன்னொருவருக்கு ஒரு தலைமுடி. அந்த முடிக்கு மார்க் குறைக்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆறுதல். மூன்றாமவர் ஒரே புத்தகத்தை இரண்டு முறை அனுப்பி, ஆறும் எட்டுமாய் வாங்கியிருக்கிறார்.

நர்மதாவுக்கு இதில் ஒன்றும் அக்கறையில்லை. "ரெண்டோ, இருவதோ! புத்தகம் வந்துருச்சில்ல? எங்கண்ணனுக்குப் போன் பண்றேன்."

பண்ணினாள். மறுமுனையில் லாரி ஹார்ன் கேட்டது.

"நெசமாலுமே வந்துருச்சா சாமி?"

"என்ற கையிலதான் இருக்குதுங்ணா."

"மாலைக்குக் காலைலயே சொல்லி வெச்சுட்டேன். எடுத்துட்டு இதா வாரேன்."

காலையிலேயே சொல்லி வைத்தாராம்! புத்தகம் வராவிட்டாலும் வந்திருப்பாரோ என்னவோ. நர்மதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று சமையல்காரரிடம் சொன்னாள். அவர் அப்போது பாயசம்தான் கிண்டிக்கொண்டிருந்தார்.

*

சரவணக்குமார் வந்தபோது மாலை அவருக்கு முன்னால் வந்தது. அவ்வளவு பெரிய ரோஜா மாலை. புதுச் சட்டை, புது வேட்டி, நெற்றியில் பட்டை.

"வாங்க மச்சான்," என்றார் ஜெகதீஸ்வரன்.

"வாரேனுங்க மாப்ள."

மூன்று மாதம் பேசாமலிருந்தவர்கள். ரஞ்சிதா ஓடிவந்து, "மாமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாலையை அவர் பெஞ்சின் மேல் பதமாக வைத்தார்.

ஜெகதீஸ்வரன் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். சரவணக்குமார் இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மாப்ள," என்றார் மெதுவாக. "இது என்னுது இல்லீங்க."

"நம்பரைப் பாத்துச் சொல்றீங்களா? அது ஒரு பெரிய கூத்து மச்சான். சுழியைப் பாத்து அவிங்க ரெண்டுன்னு..."

"நம்பரைச் சொல்லல. சுழியைச் சொல்றேன். இது என்ற சுழி இல்ல."

ஜெகதீஸ்வரன் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. "சுழியில என்னங்க மச்சான் என்னுது, உன்னுது? எல்லாம் பிள்ளையாரோடதுதானே!"

"நல்லாக் கேட்டீங்க!" சரவணக்குமாருக்கு முகம் கறுத்தது. "பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சு இன்னிக்கு புக்கிங் ஆபீஸ் பில்லு வரைக்கும் ஒரே சுழிதான் போடறேன். என்ற கையெழுத்துக்கூட மாறும். சுழி மாறாது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இடது உள்ளங்கையில் ஒரு சுழி போட்டார். வால் நீண்டு மேலே ஏறி வளைந்தது. கீழே இரண்டு கோடு இழுத்தார். கையைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தார். பெட்டிக்குள் இருந்த உ குட்டையாய், குண்டாய், கோடே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"கோடு அழிஞ்சிருக்கும் மச்சான்."

"வாலுமா அழிஞ்சு போச்சு? என்ற புத்தகம் புது வேட்டியாட்டம் மடிப்புக் கலையாம இருந்துச்சு. அது அஞ்சரை வாங்குமா? ஒம்பதுக்கு ஆசப்பட்டு, என்னுத யாருகிட்டயோ வித்துட்டு, வேற ஒண்ண எனக்குக் கட்டப் பாக்கறீங்க."

"நான் மாத்திப்போட்டேன்ங்கறீங்களா?"

"நான் சொல்லல. சுழி சொல்லுது."

சொன்னவர் வாசலுக்கு நடந்து ஒரு செருப்பில் காலை நுழைத்துவிட்டார்.

நர்மதா குறுக்கே போய் நின்றாள். அழவில்லை, கோபம்தான் வந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதா? என்ற புள்ள தலையில பூவை வெச்சுட்டு உக்காந்திருக்கறா. நாலு மணிக்கு வாரவங்ககிட்ட மாமன் எங்கன்னு கேட்டா, பொம்மைப் புத்தகத்துக்குக் கோவிச்சுட்டுப் போயிட்டாருன்னா சொல்றது? ஏனுங்ணா, எனக்கும் உன்னை வுட்டா அண்ணன் இல்ல. அவளுக்கும் உன்னை வுட்டா மாமன் இல்ல."

சரவணக்குமாரின் கண் கலங்கியது. ஆனால் வீம்பு இறங்கவில்லை. "ஒண்ணு செய்யலாம். உள்ள ஒம்பதாம் பக்கத்துல அந்த ஒத்தக்கண்ணனுக்கு நான் சின்ன வயசுல மீசை வரைஞ்சிருக்கறேன். பிரிச்சுக் காட்டுங்க. மீசை இருந்தா என்ற தப்பு. எல்லார் முன்னாலயும் மாப்ள கால்ல உழுகறேன்."

"பிரிக்கறதா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

பிரித்தால் மார்க் போச்சு. நம்பரைத் திருத்தவும் வழியில்லை. எட்டு மாதம் தினமும் அந்தக் கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்து, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த பெட்டி அது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ரஞ்சிதா அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த ஆக்ஸா பிளேடு எங்க கிடக்குது, நர்மதா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

*

மும்பைக்காரர்கள் மார்க் போடுவதில் எப்படியோ, ஒட்டுவதில் மன்னர்கள். கத்தி வழுக்கியது. திருப்புளி வளைந்தது. அரிவாள்மனையைத் தொடப் போன ஜெகதீஸ்வரனை நர்மதா ஒரு பார்வையில் நிறுத்தினாள். கடைசியில் ரம்பப் பிளேடுதான் வேலை செய்தது. மச்சான் பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை அறுத்தார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டும்படி உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவா மாப்ள, தாளுல பட்டுறப் போவுது."

"நீங்க ஆட்டாமப் புடிங்க மச்சான்."

சமையல்காரர் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, என்ன சாங்கியம் என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

படக்கென்று உடைந்தது. பழைய தாளின் வாசம் வந்தது. ஜெகதீஸ்வரன் பக்கத்தைப் புரட்டினார். ஏழு. எட்டு. ஒன்பது.

ஒற்றைக்கண் மாலுமி மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு அவர்களைப் பார்த்து முறைத்தான்.

ஜெகதீஸ்வரன் மச்சான் பக்கம் திரும்பினார். "மச்சான்... சத்தியமா நான் மாத்தல. உங்க புத்தகத்தை மாத்தணும்னு நெனச்சிருந்தா என்ற கையாலயே இதை அறுப்பனா?" என்றார்.

ரஞ்சிதா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பென்சிலில் குண்டு குண்டாய் எழுதியிருந்தது. ஆத்தாயி, தம்மம்பட்டி.

"அப்பா! கம்பெனிதான் மாத்தியிருக்குது! அதே புத்தகத்தை இந்த ஆத்தாயியும் அனுப்பியிருக்காங்க. ரெண்டுலயும் சுழி. ரெண்டையும் 'அட்டையில் 2'ன்னு ஒரே மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. இவிங்களுது நமக்கு வந்துருச்சு. மாமாவோடது அவிங்களுக்குப் போயிருக்குது!"

சரவணக்குமார் எழுந்தார். ஒரு காலில் செருப்போடுதான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"புத்தகம் வந்தாத்தான் வாசப்படி மிதிப்பேன்னு சொன்னேன். அது வரல. எங்க கிடக்குதோ தெரியல, வயிறு எரியுது," என்றார். "ஆனா உங்க மேல சந்தேகப்பட்டேன் பாருங்க மாப்ள, அதை நெனச்சாத்தான் எனக்கு அவமானமா இருக்குது. நீங்க ஆசையா காத்திருந்த சாமானத்த என்ற ஒரு பேச்சுக்கு அறுத்துப்போட்டீங்க."

"உங்களுக்காக இல்லீங்க மச்சான். பொண்ணுக்காக."

"அது எனக்குத் தெரியாதா? நானும் அவளுக்காகத்தான் காலைலயே மாலை சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நர்மதா மட்டும் சிரிக்கவில்லை. "பிளாஸ்டிக்கெல்லாம் பொறுக்கிப் போடுங்க. வாரவங்க கால்ல குத்தப் போவுது," என்று துடைப்பத்தை நீட்டினாள். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டினார்கள்.

*

நாலு மணிக்குச் சேந்தமங்கலத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கவின் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். மேளம் கொட்டியது. தாய்மாமன் சரவணக்குமார் ரஞ்சிதாவின் கழுத்தில் அந்தப் பெரிய மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். அவருடைய உள்ளங்கையில் நீல மை இன்னும் இருந்தது. வியர்வையில் அது ரஞ்சிதாவின் கையிலும் ஒட்டிக்கொண்டது. "நல்ல சகுனம்" என்றாள் ஒரு பெரியம்மா.

நர்மதா தூணோரம் நின்று பார்த்தாள். இந்த ஒரு காட்சிக்காக மூன்று மாதம் அண்ணனிடமும் புருஷனிடமும் மாறி மாறிக் கெஞ்சியிருக்கிறாள். இப்போது கண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போடவில்லை.

தட்டு மாற்றி முடிந்து, பந்தி போட்டுக்கொண்டிருந்தபோது ஜெகதீஸ்வரனின் போன் அடித்தது. மத்தியானமே ரஞ்சிதா வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தாள். 'தம்மம்பட்டி ஆத்தாயி என்று பெயர் எழுதிய ஏழாவது நங்கூரம் தவறுதலாக எங்களுக்கு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் அழைக்கவும்.' அவ்வளவுதான் போட்டிருந்தாள். ரம்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் 'ஏ.டி. சார், தம்மம்பட்டி' என்று வந்தது. குழுவில் பெரிய மனிதர். ஒரு புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின் எந்த வருடத்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஜெகதீஸ்வரன் மச்சானையும் ஓர் ஓரமாய்க் கூட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க ஏ.டி. சார்!"

"சார் இல்லைங்க, மேடம். ஏ.டி.ன்னா ஆத்தாயி, தம்மம்பட்டி. எத்தனை வருஷமா குட்மார்னிங் சார் போடறீங்க எல்லாரும்! போகட்டும். உங்க உ எங்க வீட்டுக்கு வந்திருக்குதுங்க. வாலு நீளமா, கீழ ரெண்டு கோடு போட்டது. பார்த்த உடனே இது என் கை இல்லைன்னு சொல்லிட்டேன்."

சரவணக்குமார் போனைப் பிடுங்கினார். "என்னுதுங்க அம்மா! என்ற சுழிங்க! எத்தனைங்க மார்க்கு?"

"எட்டரை."

"எட்டரை!" சரவணக்குமார் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சுழி போட்டும் எட்டரைங்க மாப்ள! சுழி இல்லாட்டி ஒம்பதரை!"

"கேளுங்க," என்றார் ஆத்தாயி. "நாளைக்குக் காலையில நானே கார்ல வர்றேன். ரெண்டு ஸ்லாபையும் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்புவோம். இந்தத் தடவை அவங்க தப்பை ஒத்துக்க வச்சே தீரணும். நாலு வருஷமா அவங்களோட போராடறேன். ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. ஆனா ரெண்டும் மூடினது மூடினபடி இருக்கணும். ஒண்ணைப் பிரிச்சிருந்தாலும் கேஸ் நிக்காது. நான் ஒட்டின நாடாவைக்கூடத் தொடலை. என்னோடது பத்திரமா இருக்குதுங்களா?"

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மூலையில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தார். அதில் லேபிளோடு பாதிப் பெட்டி தலைகீழாய்ச் செருகியிருந்தது.

"பத்திரமா இருக்குதுங்க," என்றார் சரவணக்குமார்.

"வெச்சது வெச்சாப்பல இருக்குதுங்க," என்றார் ஜெகதீஸ்வரன்.

மூன்று மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் விஷயம் அது. நர்மதா பாயசத் தட்டோடு அங்கேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ஆத்தாயி. "ஒரே ஒரு சந்தேகங்க. என் பேரை நான் உள்ள, கடைசிப் பக்கத்துல இல்ல எழுதியிருந்தேன்? பிரிக்காம எப்படிங்க படிச்சீங்க?"